தானிய ரயிலின் இரண்டு பக்கம்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் எனக்கு அசிங்கம்.

ஒரு சிற்றிதழில் கேட்டிருந்தார்கள்: "யாரும் எட்டிப் பார்க்காத ஊர் ஒன்றைப் பற்றி எழுதுங்கள். நல்லதும் இருக்கட்டும், கெட்டதும் இருக்கட்டும்." நான் பதினாறு வருடமாக டிகேட்டரில் குடியிருக்கிறேன். இல்லினாய் மாநிலத்தின் நடுவில், சோளக்காட்டுக்குள் ஆலைகளை நட்டு வைத்த ஊர். சிகாகோ போகிறவன் இங்கே பெட்ரோல் போடக்கூட வண்டியைத் திருப்ப மாட்டான். எனக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். நல்லது: ஏரி, மலிவான வீடு, பனி கொட்டினால் தன் வாசலோடு உங்கள் வாசலையும் தள்ளிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிற பக்கத்து வீட்டுக்காரர். கெட்டது: சோயா அரைக்கிற நாற்றம், மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகள், ரயில். நடுவில் சங்கமன் ஆறு. (இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர்தான். நான் தமிழாக்கவில்லை.)

பக்கத்து வீட்டு வெர்னாவிடம் கையில் காகிதத்தோடு, வேலிக்கு மேலாக அதை ஒப்பித்தேன். வெர்னாவுக்கு அறுபத்தொன்று. கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். முட்டி இரண்டும் போய்விட்டது, குரல் மட்டும் இன்னும் கிடங்கு அளவுக்கு இருக்கிறது.

"கெட்டதுல ரயில் எத்தனாவதா வருது?" என்று கேட்டாள்.

"மூணாவதா."

"மூணாவதா!" சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்தக் காகிதத்த மடிச்சு வை. உள்ள வா. போன சனிக்கிழமை நீ ஊர்ல இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்."

2

முதல் தொடக்கம்: 'அக்டோபர் மாதத்து வெயில் அறுத்த சோளத் தட்டைகளின் மேல் பொன்னாய்—'

இல்லை. அன்று வெயிலே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'வெர்னா ஒரு பொய் சொன்னாள்.'

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் அவளை முதல் வரியிலேயே கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். ஏன் சொன்னாள் என்று கேட்கப் பொறுமை இருக்காது. ஆகவே அவளுடைய தம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

2 (மறுபடியும்)

தம்பி பெயர் டோயல். டயர் தொழிற்சாலை மூடின வருடம் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், அங்கேயே தங்கிவிட்டான். ஐம்பத்தேழு வயது, இடுப்பில் கோளாறு, வாயில் கோளாறே இல்லை.*

(* டோயல் அக்காவை 'வெர்னா' என்றுதான் கூப்பிடுவான். தமிழில் 'அக்கா' என்று எழுதிப் பார்த்தேன், டோயலின் வாயில் ஒட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

வெர்னாவின் மகன் அரிசோனாவில் இருக்கிறான். வா, வா என்று நாலு குளிர்காலமாக அழைக்கிறான். இந்த வருடம் அவள் சரி என்று சொல்லிவிட்டாள். டோயல் வரமாட்டேன் என்றான். வீடு விற்றால் அவனுக்குப் போக இடம் கிடையாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

சனிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு இளம் ஜோடி. நேதன், பெத்தனி, ஒரு கைக்குழந்தை. சிகாகோ பக்கம் வாடகை கொடுத்துக் களைத்தவர்கள்.

"அவங்க இருக்கும்போது நீ வாயத் தொறக்கக் கூடாது," என்றாள் வெர்னா. "நாத்தம்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அவ்வளவுதான்."

"நான் ஏன் சொல்லணும்? அவங்களுக்கு மூக்கு இல்லையா?"

"அதுக்குத்தான் காலைலேர்ந்து லவங்கப்பட்டையக் கொதிக்க வச்சிருக்கேன்."

"முப்பது வருஷமா இந்த ஊரத் திட்டித் திட்டியே காப்பி குடிச்சவ நீ. இன்னிக்கு எந்த வாயால புகழப் போறே?"

"அதே வாயாலதான். நீ போய்ச் சட்டைய மாத்து."

3

பெத்தனி போனில் கூப்பிட்டாள். "மேடம், உங்க தெருவுக்கு முன்னாடி ரயில்வே கேட்ல நிக்கிறோம். ரயில் அப்படியே நிக்குது. நகரவே மாட்டேங்குது."

"இப்பத்தான் வந்திருக்கும், கண்ணு. போயிடும்."

அந்த ரயில் மதியத்திலிருந்து நிற்கிறது. அறுவடைக் காலத்தில் ஆலை வாசலில் இடம் கிடைக்காத தானிய ரயில்கள் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இப்படித்தான் கிடக்கும். டோயல் புருவத்தை மட்டும் தூக்கினான். அது வாயைத் திறந்த கணக்கில் வராது.

கால் மணி கழித்து மறுபடியும் பெத்தனி. "மூணு மணிக்கு மேற்குப் பக்கம் இன்னொரு வீடு பாக்கணும். அங்க போயிடலாமான்னு யோசிக்கிறோம். சுத்திக்கிட்டு வர வேற வழி இருக்கா?"

இருக்கிறது. ரயில் பாலத்துக்கு அடியில் போகிற வழி. மூடின இரும்பு வார்ப்பாலை, சன்னலுக்குப் பலகை அடித்த வீடுகள், அதில் இரண்டு எரிந்த வீடுகள், யாரோ கொண்டு வந்து கொட்டின மெத்தைகள். இதற்கு முன் வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பமும் அந்த வழியாகத்தான் வந்தது. ஒருவரும் காரை விட்டு இறங்கவில்லை.

"வேற வழி இல்ல," என்றாள் வெர்னா.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. பொய்யைப் பற்றி, வீடு விற்கிறவர்களைப் பற்றி, நானே ஒரு தடவை— தூக்கிவிட்டேன். அவள் மூச்சு விடாமல் அடுத்ததைச் சொன்னாள், நானும் அப்படியே எழுத வேண்டும்.]

"உங்க வீட்டுக்காரர் மட்டும் ரயில்ல ஏறித் தாண்டி வந்து பாத்துட்டுப் போகட்டுமே. இங்க எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க. ஒண்ணும் ஆகாது, கண்ணு."

டோயல் கோப்பையைக் கீழே வைத்தான். "வெர்னா. இப்ப என்ன சொன்னே நீ?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் இடுப்பைப் பிடித்தபடி பின்னாலேயே போனான்.

4

கேட்டின் சிவப்பு விளக்கு மாறி மாறி எரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். இரண்டு தானியப் பெட்டிகளுக்கு நடுவில் நேதன் ஏறிவிட்டிருந்தான். நெட்டையான பையன், சுத்தமான காலணி. இரண்டு பெட்டியையும் இணைக்கிற கப்ளிங்குக்கு மேலே ஒரு கால், ஏணிப் படியில் ஒரு கால். வெர்னாவைப் பார்த்துச் சிரித்தான். அப்படியே நின்று மனைவி பக்கம் திரும்பி, செல்போனைத் தூக்கி ஒரு படம் எடுத்தான்.

அப்போது கிழக்கே, வெகு தூரத்தில், சத்தம் கேட்டது.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். இன்ஜின் இழுக்கும்போது ரயில் மொத்தமும் ஒரே தடவையில் நகராது. முதல் கப்ளிங் இழுபடும், அடுத்தது, அதற்கடுத்தது. படார், படார், படார் என்று அந்த இழுப்பு பெட்டி பெட்டியாக உங்களை நோக்கி ஓடி வரும். விசில் ஊதினார்களா என்று கேட்டேன். ஊதவில்லை என்றாள் வெர்னா. ஊதியிருக்கலாம், மணிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்றான் டோயல்.

"குதி!" என்று டோயல் கத்தினான்.

நேதனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியாது. பயந்தவன் செய்வதைத்தான் செய்தான். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

4-அ

முதலில் எழுதின பிரதியில் இங்கே நேதன் செத்துப்போனான். நன்றாகவும் வந்திருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வெர்னாவிடம் அதைச் சொன்னேன்.

"அவன் செத்திருந்தா நான் உன்கூட உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இதைச் சொல்லிக்கிட்டு இருப்பேன்னு நெனைக்கிறியா?" என்றாள்.

அடுத்த பிரதியில் டோயலைச் சந்தேகப்பட்டேன். வீடு விற்காமல் போனால் லாபம் அவனுக்கு. சத்தம் கேட்டதற்கும் அவன் கத்தினதற்கும் நடுவில் ஒரு கணம் யோசித்திருப்பான் என்று எழுதினேன். கதைக்கு அது ஆழம் தரும். டோயலிடமே கேட்டேன்.

"யோசிக்கிறதுக்கு எங்கய்யா நேரம்?" என்றான். பிறகு சொன்னான்: "நீ ரொம்பப் படிக்கிறே."

அந்தப் பிரதியையும் கிழித்தேன். நடந்ததையே எழுதுகிறேன்.

5

டோயல் தண்டவாளத்துச் சரளையில் ஏறி, நேதனின் கோட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பற்றி, தன் கனம் முழுவதையும் போட்டு மல்லாந்து விழுந்தான். இடுப்புக் கோளாறு உள்ளவனுக்கு வேறு வித்தை தெரியாது. நேதன் அவன் மேல் வந்து விழுந்தான். போன் தண்டவாளத்துக்குள்ளே விழுந்தது. படார் என்றது. நேதனின் கால் இருந்த இடத்தில் இரும்பு இரும்பைக் கவ்வி இழுத்தது. பெட்டி நகர்ந்தது.

இவ்வளவுதான் நடந்தது. நேதனுக்கு உள்ளங்கை சிராய்ப்பு. டோயலால் எழுந்திருக்க முடியவில்லை, ஆனால் கெட்ட வார்த்தை சொல்ல முடிந்தது. அதனால் வெர்னா பயப்படவில்லை.

பயம் பிறகுதான் வந்தது. நேதன் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "பெத்தனி," என்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்தது இது: கணவன் சிரித்தபடி பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறான். பெட்டி குலுங்குகிறது. அவன் இல்லை. அதற்குமேல் ரயில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெர்னா அவளுடைய எண்ணைப் போட்டாள். பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. மறுபடியும் போட்டாள். அதேதான். சக்கரத்துக்கு அடியில் கிடக்கிற போனுக்குப் பெத்தனி விடாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். நேதன் கத்தினான். ரயில் சத்தத்தில் அவன் குரல் அவன் காதுக்கே போகவில்லை.

பெட்டிகளின் அடியில், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில், வெர்னா ஒரு முகத்தைப் பார்த்தாள். தரையோடு தரையாக ஒரு தாடிக்கார முகம். லாரி ஓட்டுகிறவன் போல ஒருவன் தார் ரோட்டில் குப்புறப் படுத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எழுந்திரு!" நேதனைப் பிடித்து நிறுத்தினாள். "அங்க நில்லு. ரெண்டு காலும் தெரியற மாதிரி நில்லு. குதி!"

"என்ன?"

"குதிடா! உயிரோட இருக்கிறவன் மாதிரி குதி!"

நேதன் குதித்தான். அழுதுகொண்டே, குழந்தை மாதிரி, எம்பி எம்பிக் குதித்தான்.

அந்தப் பக்கம் நடந்தது வெர்னாவுக்குப் பிறகு தெரிந்தது. தாடிக்காரன் படுத்தபடியே கத்தியிருக்கிறான்: "கால் தெரியுது! ரெண்டு காலும் தெரியுது! நல்லாத்தான் இருக்கான், குதிக்கிறான் பாரு, கிறுக்கன்!" பேக்கரித் தொப்பியோடு ஒரு பெண் பெத்தனியை இடுப்போடு கட்டிப் பிடித்திருந்தாள், சக்கரத்தைப் பார்த்து ஓடிவிடாதபடி. குழந்தை யாரோ ஒரு கிழவரின் தோளில் இருந்தது. ஒருவர் பெயரும் ஒருவருக்குத் தெரியாது.

[கட்டுரையில் 'நல்லது' என்ற தலைப்பில் இந்த மூன்று பேரும் இல்லை. அவர்களை அங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவர்கள் அங்கே நின்றதற்குக் காரணமே 'கெட்டது'வில் மூன்றாவதாக இருக்கும் ரயில்தானே. கட்டுரை என் கையை விட்டுப் போனது இந்த இடத்தில்தான்.]

6

கடைசிப் பெட்டி போனது. கேட் திறந்தது. பெத்தனி ஓடி வந்து நேதனை ஓர் அறை அறைந்து கட்டிக்கொண்டாள். பிறகு வெர்னாவிடம் வந்தாள்.

"நீங்கதானே ஏறி வரச் சொன்னீங்க?"

"ஆமா."

"வேற வழியே இல்லைன்னீங்க."

தாடிக்காரன் அதற்குள் டோயலைத் தூக்கி உட்கார வைத்திருந்தான். பாவம், நல்லவன். உதவுவதாக நினைத்து வாயைத் திறந்தான். "வழியா? பாலத்துக்கு அடியில வந்திருக்கலாமேம்மா. பத்து நிமிஷம்."

டோயல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சரளைக் கல்லைப் பார்த்தான்.

"இருந்துச்சு," என்றாள் வெர்னா. "அந்த ரோட்ட நீங்க பாக்க வேணாம்னு நெனச்சேன்."

இந்த இடத்தில் கதையை முடிக்கலாம். பெத்தனி காரில் ஏறிப் போய்விடுவாள், வெர்னா பட்டை வாசம் வீசும் சமையலறையில் தனியாக நிற்பாள். ஒழுங்கான முடிவு. பெத்தனி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"காட்டுங்க," என்றாள்.

"எதை?"

"அந்த ரோட்டை. இப்பவே. வண்டில ஏறுங்க."

7

டோயலை வீட்டில் விடத் தாடிக்காரன் ஏற்றிக்கொண்டான். வெர்னா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் குழந்தையும், கையில் துணி சுற்றின நேதனும். பெத்தனிதான் ஓட்டினாள், மெதுவாக, ஒவ்வொரு வீட்டு முன்னாலும் கிட்டத்தட்ட நிறுத்தி.

வெர்னா எதையும் மறைக்கவில்லை. "இது வார்ப்பாலை. எங்கப்பா இங்கதான் வேலை பாத்தார். இது எரிஞ்சது, யார் எரிச்சான்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. இந்தப் பச்சை வீட்டுக்காரி இன்னும் இருக்கா. என் பையனுக்கு அம்மை வந்தப்போ மூணு ராத்திரி முழிச்சவ. ஆலை நாத்தம் அடிக்கிற நாள்ல துணி வெளிய காயப்போடாதீங்க. குளிர்காலத்துல வேலை கொறஞ்சா மொதல்ல புதுசா வந்தவங்களத்தான் நிறுத்துவாங்க." கேட்காததையும் சொன்னாள். அவளால் நிறுத்த முடியவில்லை.

பாலத்துக்கு அடியில், இருட்டான இடத்தில், பெத்தனி வண்டியை நிறுத்தினாள். மேலே இன்னொரு ரயில் போய்க்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருந்தாள். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டாள்:

"நான் உங்க பொண்ணா இருந்தா, அந்த வீட்ட வாங்கச் சொல்வீங்களா?"

வெர்னா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குச் சொன்னாள். எழுதக் கூடாது என்றும் சொன்னாள். 'வாங்கு' என்றால் அரிசோனா, டோயலுக்குத் தெரு. 'வாங்காதே' என்றால் இன்னொரு குளிர்காலம், அதற்கப்புறம் யார் வருவார்கள்? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அவளை நான் தீர்த்துக்கட்டின மாதிரி இருந்தது.

ஆகவே முன்சீட்டுக்கு, வெர்னாவுக்குப் பதிலாக, நீங்கள் வாருங்கள். குழந்தை தூங்குகிறது. நேதன் மூச்சு விடுவது கேட்கிறது. பெத்தனி இன்ஜினை அணைத்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறாள். அவள் இன்று ஒரு பொய்யை ஏற்கெனவே கேட்டவள். இன்னொன்று வந்தால் குரலிலேயே தெரிந்துவிடும். கதவைத் திறக்கிற பொத்தான் அவள் பக்கத்தில் இருக்கிறது.