தொண்டை கட்டிய வாரம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டெக்னீஷியன் கெட்டிக்காரி. அதுதான் வினை. யாராவது "இது எப்படி..." என்று இழுத்தால் போதும், "குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே பதினோரு பேர் வேலையும் அவள் தலையில் விடிந்தது. மெஷின் மக்கர் செய்தாலும் அவள், தண்ணீர் கேன் காலியானாலும் அவள். "எல்லாரும் என்னப் பிழிஞ்சு எடுக்கறாங்க" என்று கணவனிடம் புலம்புவாள். புலம்பிக்கொண்டே, அவன் மடித்து வைத்த துணிகளைப் பிரித்துத் திரும்ப மடிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை குரல் சுத்தமாகப் போய்விட்டது. "ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது" என்றார் தொண்டை டாக்டர். லீவு போடுவாளா? குட்டி நோட்டும் பேனாவுமாக வேலைக்கு வந்து நின்றாள்.

வரவேற்பில் இருக்கும் பெண் ஓடி வந்தாள். "அக்கா, ஒரு பெரியவர் ஊசியப் பாத்துட்டு வீட்டுக்குக் கிளம்பறாரு!"

அவள் அவசரமாக 'நான் பா' என்று எழுதுவதற்குள், "சரி விடுங்க, நானே பேசிப் பாக்கறேன்" என்று அந்தப் பெண் போய்விட்டாள். ஐந்தே நிமிடத்தில் பெரியவர் தன் முழங்கால் வலியின் வரலாற்றைச் சொல்லியபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மெஷின் நின்றது. 'நிதானம்' என்று எல்லோரும் கூப்பிடும் டெக்னீஷியன் மெதுவாக மூடியைத் திறந்தான். பொறுக்க முடியாமல் அவள் கை நடுவில் நுழைந்தது.

"அக்கா, தொண்டைதான் கட்டியிருக்கு. கையையும் கொஞ்சம் கட்டிக்குங்களேன்."

மெஷின் ஓட முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் ஓடியது.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் நோட்டைப் புரட்டினாள். 'நான் பா', 'குடுங்', 'தள்ளு' என்று பத்தொன்பது அரைகுறை வாக்கியங்கள். யோசித்துப் பார்த்தால், உண்மையில் உதவி கேட்டவர்கள் மூன்றே பேர். முகம் சுருங்கியது. அப்புறம் சத்தமே வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான் கணவன்.

'என்னை யாரும் பிழியல. நானே போய் மாட்டிக்கறேன்' என்று எழுதிக் காட்டினாள்.

"அது தெரிஞ்சதுதான். ஏன்?"

அவள் மறுபடி எழுதினாள். 'நான் இல்லாமலே எல்லாம் நடந்துட்டா, அப்புறம் நான் எதுக்குன்னு பயம்.'

அவன் அதை இரண்டு முறை படித்தான். "என் பக்கத்துல சும்மா உக்கார ஒரு ஆள் வேணும். பதினஞ்சு வருஷமா அந்த வேல காலியாத்தான் இருக்கு."

அவள் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் குரல் திரும்பியது. "இந்த மாச டூட்டி லிஸ்ட் யார் போடறீங்க?" என்றார் மேனேஜர். அவள் வாய் தானாகத் திறந்தது, இருமிச் சமாளித்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் நிதானம் கை தூக்கினான்.

அவன் போட்ட லிஸ்டில் எல்லா ஞாயிறும் அவனுக்கே லீவு! ஒன்பது பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்றபடி வேடிக்கை பார்த்தாள். மூன்றாவது திருத்தத்தில் லிஸ்ட் ஒரு வழியாகத் தேறியது. அவளுக்கு இரண்டு ஞாயிறு டூட்டி விழுந்திருந்தது. வழக்கமாக நான்கு.