ஆர் போய்ச் சொன்னது?

அந்த மாதம் விஜிதரன் வீட்டுக்கு அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் காசு வரவில்லை. வங்கியில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கட கணக்குக்கு ஒண்டும் வரேல்லை அண்ணா" என்றாள். பரந்தன் சந்திக்குத் திரும்பி வந்து விசாரித்தான். அயலில் எல்லாருக்கும் வந்திருந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றபடியே அவன் முடிவு கட்டிவிட்டான். ஆரோ போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சொல்லிக் கொடுக்க விஷயம் இருந்தது. அவனுடைய மனைவி ஜெயரூபி கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விஜிதரனுக்கு, சீமெந்துக் கலவையை அச்சில் போட்டுக் கல் அரிகிற பட்டறையில் வேலை. மழை பெய்தால் கல் காயாது, கல் காயாவிட்டால் கூலி இல்லை. அதனால்தான் அவள் வேலைக்கு இறங்கினாள். ஆனால் வீட்டில் ஒருவர் மாதச் சம்பளம் எடுத்தால் அரசாங்க உதவி நின்றுவிடும் என்று சனம் கதைத்தது. அதைக் கேட்டுவிட்டு, வேலைக்குப் போவதை மறைப்போம் என்று சொன்னவன் விஜிதரன்தான்.

மறைக்கிறது லேசான காரியமாக இருக்கவில்லை. மற்றப் பெண்கள் சந்தியில் நின்று தொழிற்சாலை பஸ்ஸில் ஏற, ஜெயரூபி வாய்க்கால் கட்டால் நடந்து அடுத்த தரிப்பிடத்துக்குப் போய் ஏறினாள். ஆரும் கேட்டால், முள்ளியவளையில் தாய்க்குச் சுகமில்லை, பார்க்கப் போய்வருகிறாள் என்பது கதை. அதைப் பிள்ளைக்கும் பழக்கியிருந்தார்கள். "அம்மா எங்க?" என்று கேட்டால் அபிஷா தலையை ஆட்டி ஆட்டி, "அம்மம்மா வீட்ட" என்பாள். அவளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதில்லை.

ஒருத்தியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அது மீனம்மா, பகலில் அபிஷாவைப் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் செத்து, மகன் வவுனியாவில் வேலையோடு இருக்க, அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்தாள். பிள்ளையைக் குளிக்க வார்த்து, சோறு தீத்தி, பாயில் போட்டு நித்திரையாக்கி, பின்னேரம் தலை இழுத்துப் பொட்டு வைத்துத்தான் திருப்பித் தருவாள். உதவிக் காசு வருகிற அன்றைக்கே பெரும்பங்கு அவளுடைய கைக்குப் போய்விடும்.

"அரசாங்கத்திட்ட வாங்கி மீனம்மாக்காட்டக் குடுக்கிறதுக்குத்தானே இவ்வளவு பொய்யும் சொல்லுறம்" என்று ஜெயரூபி ஒருநாள் சொன்னாள். அவன் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஆர் சொல்லியிருப்பார்கள்? முதலில் பக்கத்துக் காணிச் சிவராசாவில் சந்தேகம் விழுந்தது. போன வருஷம் அவருடைய மாடு இவனுடைய வெண்டியைத் தின்றதில் வாய்த்தர்க்கம் வந்திருந்தது. அன்று பின்னேரமே வேலிக்கு அங்கால் நின்ற சிவராசா, "தம்பி, மாமிக்கு இப்ப எப்பிடி? எழும்பி நடக்கிறாவோ?" என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்கிறாரா, குத்திக் கேட்கிறாரா என்று விஜிதரனால் பிடிக்க முடியவில்லை. "பரவாயில்லை" என்றான். "பாவம், உன்ர மனிசிதான் அலையுது" என்று சொல்லிக்கொண்டு அவர் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அந்தப் "பாவம்" அவனுக்குக் காதில் நெடுநேரம் கிடந்தது.

அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டு டி.எஸ். ஒபிஸ் எனப்படும் பிரதேச செயலகத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் விபரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்கட வீட்டில ஒராள் வேலைக்குப் போறதா அறிவிச்சிருக்கு. திரும்பப் பரிசீலிக்கிறம்" என்றார்.

"ஆர் அறிவிச்சது?"

"சுரேகா மிஸ்தான் உங்கட பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவ இண்டைக்கு வெளிக்களம். வேணுமெண்டா நாளைக்கு வந்து கேளுங்கோ. அதுசரி, மனிசி வேலைக்குப் போறது உண்மைதானே?"

விஜிதரன் கதிரையை விட்டு எழும்பினான். "நாளைக்கு வாறன் சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கிச் சைக்கிளை எடுத்தான். நாளைக்குப் போகிற எண்ணம் அவனுக்கு இல்லை. திரும்பவும் கேட்பார்கள், எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்ள வேண்டும்.

வழியில் பொதுநோக்கு மண்டபத்தைக் கடக்கும்போது சைக்கிளின் பிரேக்கை அவன் பிடித்தது தன்னை அறியாமல்தான். மண்டப வாசலில் சுரேகா மிஸ் நின்றாள். பக்கத்தில், அபிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மீனம்மா. சுரேகா கையை நீட்டி நீட்டி எதையோ சொல்ல, மீனம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் கதை நின்றது. மீனம்மா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். சுரேகா மட்டும், "என்ன அண்ணா, இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று சிரித்தாள்.

அவனுக்கு எல்லாம் வெளித்துவிட்டது.

பின்னேரம் ஜெயரூபி வந்து உடுப்பு மாற்ற முதலே சொன்னான். "மீனம்மாதான் சொன்னது. என்ர கண்ணால கண்டனான்."

ஜெயரூபி குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தாள். "அவ சொல்லியிருக்கமாட்டா" என்றாள் உள்ளே நின்றே.

"எப்பிடித் தெரியும்?"

"அந்தக் காசிலதானே அவக்குக் குடுக்கிறம். தன்ர சோத்தில தானே மண் அள்ளிப் போடுவாவே?"

"அவவுக்கு அதைவிடப் பெரிசா என்னவோ கிடைக்கப்போகுது. இல்லாட்டி மிஸ்ஸோட என்ன குசுகுசுப்பு? என்னைக் கண்டோடன ஏன் வாயை மூடுறா?"

குசினிக்குள் அடுப்பை மூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை அவன் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மீனம்மா செய்ததெல்லாம் அவனுக்கு வேறுமாதிரித் தெரிந்தது. பிள்ளைக்குப் புதுச் சட்டை ஒன்று போட்டிருந்தாள். எங்கால் காசு? காலையில் விடப் போனால், "ரூபி வேலைக்குப் போயிட்டாளோ?" என்று கேட்டாள். என்னத்துக்குக் கேட்கிறாள்? அபிஷா வீட்டில் "மிஸ் இனிப்புத் தந்தவ" என்றாள். மிஸ் எத்தனைதரம் அங்கே வந்து போகிறாள்? ஒருநாள் வெயில் நேரத்தில் பட்டறையை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய் மீனம்மாவின் படலையில் நின்று பார்த்தான். பிள்ளை பாயில் நித்திரை. மீனம்மா பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். பிழை ஒன்றும் கிடைக்காதது அவனுக்கு இன்னும் கோபத்தையே கொடுத்தது.

"என்ன தம்பி, இந்த நேரத்தில? ஏதும் பிரச்சினையோ?" என்று அவள் எழும்பி வந்தாள்.

"பிரச்சினை என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"எங்கட காசை நிப்பாட்டிப்போட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்காதேங்கோ அக்கா. டி.எஸ். ஒபிசில சொன்னவங்கள். மிஸ்ஸோட நீங்கள் நிண்டதையும் கண்டனான்."

மீனம்மாவுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் அவளுடைய முகம் இறுகியது. "நான் மிஸ்ஸோட கதைச்சது வேற விஷயம். உங்கட வீட்டுக் கதை என்ர வாயால போகேல்லை."

"என்ன வேற விஷயம்? சொல்லுங்கோ பாப்பம்."

"முடிவாகாத விஷயம். அதை இப்ப சொல்லேலாது."

"சொல்லமாட்டியள்தானே. எங்கயோ தோட்டக்காட்டில இருந்து வந்த சனத்தை நம்பிப் பிள்ளையை விட்டது எங்கட பிழை."

அந்தச் சொல் அவனுடைய வாயை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கே கேட்டது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தகப்பனின் தோளில் ஏறி இந்த மண்ணுக்கு வந்தவள் மீனம்மா. இங்கேதான் வளர்ந்தாள், இங்கேதான் கட்டினாள், இங்கேதான் இடம்பெயர்ந்தாள், புருஷனைப் புதைத்ததும் இங்கேதான். அவள் உள்ளே போய் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையைத் தூக்கி வந்து அவனுடைய கையில் கொடுத்தாள். மாற்றுச் சட்டையும் தண்ணீர்ப் போத்தலும் இருந்த பையைத் தோளில் கொளுவிவிட்டாள். பிறகு படலையைச் சாத்தினாள்.

அன்று பின்னேரம் பிள்ளை வீட்டில் இருப்பதைக் கண்டதும் ஜெயரூபி, "என்ன நடந்தது?" என்றாள். அவன் சொன்னான். கடைசியாகச் சொன்ன சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். ஜெயரூபி கதிரையில் இருந்துவிட்டாள்.

"நான்தான் சொன்னனான்" என்றாள்.

"என்ன?"

"டி.எஸ். ஒபிசில. நான்தான் போய் வேலைக்குப் போறன் எண்டு சொன்னனான்."

விஜிதரனுக்கு அவள் மீனம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்லுகிறாள் என்றே முதலில் பட்டது. "சும்மா கதைக்காத" என்றான்.

"சும்மா இல்லை. அந்த மண்டபத்தில பிள்ளையள் பாக்கிற இடம் ஒண்டு திறக்கினம். பிரதேச சபை பாதிச் செலவைக் குடுக்குது. நாங்கள் இப்ப மீனம்மாக்காவுக்குக் குடுக்கிறதில ஒரு சின்னப் பங்குதான் அங்க கட்டவேணும். ஆனா வேலைக்குப் போற தாய்மாற்ற பிள்ளையளுக்குத்தான் இடம். ஒரு ஒபிசில வேலைக்குப் போகேல்லை எண்டும் மற்ற ஒபிசில போறன் எண்டும் சொல்லேலுமே?" அவள் நிறுத்தி மூச்சு எடுத்தாள். "அதோட, ஒருநாள் நான் பின்னால வாறது தெரியாமல் சுரேகா மிஸ் அபிஷாவிட்ட அம்மா எங்க எண்டு கேட்டவ. இவள் அம்மம்மா வீட்ட எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாள். பொய் எண்டு தெரிஞ்சே சொல்லுறாள். எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா விட்டிருப்பியளே?"

விட்டிருக்கமாட்டான்.

"நீங்கள் மீனம்மாக்கா எண்டு சொன்ன அண்டே நான் வாயைத் திறந்திருக்கவேணும். உங்கட கோபத்துக்குப் பயந்து இருந்திட்டன். அது என்ர பிழை. ஆனா அவவைப் போய்ப் பேசுவியள் எண்டு நான் நினைக்கேல்லை." பிறகு அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "வேற என்ன சொன்னனியள் அவக்கு? எனக்கு ஒண்டை ஒளிக்கிறியள்."

அவன் சொன்னான். ஜெயரூபி எழும்பி உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாட்டை மூடி வைத்தாளே தவிர, வந்து சாப்பிடுங்கோ என்று கூப்பிடவில்லை.

அடுத்த நாள் அவள் சந்தியிலேயே, எல்லாரும் பார்க்க, பஸ் ஏறினாள். பிள்ளையை வைத்திருக்க ஆள் இல்லை. விஜிதரன் அபிஷாவைச் சைக்கிளின் முன்னால் இருத்திப் பட்டறைக்குக் கொண்டுபோனான். சீமெந்துத் தூள் கண்ணில் விழுந்து பிள்ளை அழுதாள். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டாள். அரிந்து வைத்த ஈரக் கற்களின் மேல் கால் வைத்தாள். பட்டறைச் சொந்தக்காரர் அன்ஸார் நானா கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிள்ளை வாற இடமில்லை. வைச்சிருக்க ஆளைப் பாத்துப்போட்டு வாங்க" என்றார். அந்தக் கிழமை முழுக்க அவன் வீட்டில் நின்றான். சோறு ஆக்கினான், தீத்தினான், கழுவினான். பிள்ளை மத்தியானமானால் படலையடியில் போய் நின்று "மீனம்மாட்டப் போவம்" என்று அழுதாள். அவன் பாடித் தாலாட்டியும் அவள் நித்திரை கொள்ளவில்லை.

மீனம்மாவும் சுரேகாவும் என்ன கதைத்தார்கள் என்பதும் அந்தக் கிழமையில்தான் தெரிந்தது. மண்டபத்தில் பிள்ளைகளைப் பார்க்க மீனம்மாவைத்தான் கேட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு பேர் அதற்கு ஆசைப்பட்டதால் முடிவாகும்வரை ஆருக்கும் சொல்லவேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தாள். இப்போது முடிவாகிவிட்டது. ஆனால் மீனம்மா, தனக்கு அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். சொன்னவர் சிவராசா. சொல்லிவிட்டு, "ஏனெண்டு உனக்குத் தெரியுமோ தம்பி?" என்று கேட்டார். இம்முறையும் அவர் குத்திக் கேட்கிறாரா என்று விஜிதரனுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஜிதரன் மீனம்மாவின் படலையில் போய் நின்றான். அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"அக்கா, நான் பிழையா நினைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"காசைப் பற்றி நீங்கள் கேட்டது பிழையில்லை தம்பி" என்றாள் மிளகாயைப் பரவியபடியே. "காசு நிண்டா ஆருக்கும் ஆரிலும் சந்தேகம் வரும். நான் இல்லை எண்டன், நீங்கள் நம்பேல்லை. அதோட போயிருக்கலாம். எங்கட சனத்தை இழுத்தீங்கள். அது திடீரெண்டு வந்த கதை இல்லை. உள்ளுக்குக் கிடந்தது."

"ஓம்" என்றான். பிறகு, "மண்டப வேலையை விடாதேங்கோ. என்ர முகத்தைப் பாக்க விருப்பமில்லாட்டி நான் பிள்ளையை வேற இடத்தில விடுறன்" என்றான்.

மீனம்மா நிமிர்ந்தாள். "பிள்ளை என்ன செய்தவள், வேற இடத்தில விட? நீங்கள் போங்கோ. நான் யோசிக்கிறன்."

அவள் அன்றைக்கே யோசித்து முடித்திருக்க வேண்டும், அல்லது சுரேகா விடாமல் போய்க் கேட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் மண்டபம் திறந்தபோது வாசலில் மீனம்மாதான் நின்றாள். ஜெயரூபி முந்திய பஸ்ஸில் போய்விடுவதால் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறது விஜிதரனின் வேலை. மீனம்மா மற்றத் தகப்பன்மாரோடு இரண்டு சொல் கதைப்பாள். இவனிடம் பிள்ளையின் கையை மட்டும் வாங்கிக்கொள்வாள். "வாங்கோ குஞ்சு" என்பது அபிஷாவுக்கு. அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குப் போவான்.

உதவிக் காசு திரும்ப வரவில்லை. வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை, பரிசீலனையில் கிடந்தது. முன்னைப்போல மாதக் கடைசியில் கை இறுகியது. ஆனால் ஜெயரூபி மழை நாளில் வாய்க்கால் கட்டால் வழுக்கி வழுக்கி நடக்கவில்லை. தொழிற்சாலையில் தையல் வரிசைக்குப் பொறுப்பாகத் தன்னைப் போடப்போகிறார்கள் என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். அவன் சந்தோஷப்பட்டான். அன்றைக்கே, இதை இவள் எத்தனை நாளாய் அறிந்து வைத்திருந்தாள் என்றும் ஒரு நினைப்பு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது மீனம்மா அவனைப் பார்த்துப் பேசினாள். "அபிஷாவின்ர தலையில பேன். மருந்து வைச்சு இழுத்து விடுங்கோ. மற்றப் பிள்ளையளுக்கும் தொத்தும்."

"ஓம் அக்கா" என்றான்.

மறுநாள் ஜெயரூபி கிணற்றடியில் உடுப்புத் தோய்க்க, அவன் பிள்ளையை மடியில் இருத்தி, பழைய வெள்ளைத் துணியை விரித்து, பேன்சீப்பால் இழுத்தான். அபிஷா நெளிந்தாள். இழுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "குஞ்சு, மீனம்மா அப்பாவைப் பற்றி ஏதும் சொன்னவவே?"

கிணற்றடியில் தோய்க்கிற சத்தம் நின்றது.

"பிள்ளையிட்ட உளவு கேக்காதேங்கோ" என்றாள் ஜெயரூபி. "அறியோணுமெண்டா திங்கட்கிழமை அவவிட்டயே கேளுங்கோ."

விஜிதரன் தலையைக் குனிந்துகொண்டான். சீப்பில் அகப்பட்டதை நகத்தால் நசித்துவிட்டு, அடுத்த வகிடைப் பிரித்தான்.