ஓடுற புழுவும் மேயுற புழுவும்

தங்கச்சிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஏறாதா பின்னே? வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பின்பக்கம் வாய்க்கால் கரையில், வில்லோ மரத்தடியில் அண்ணன் வாளியும் கையுமாக நிற்கிறான். ஊரையே காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"உன் புழுவையெல்லாம் ஒழிச்சுக் கட்டிட்டேன். ஒரே நாள் வேலை. இதைப் போய் மாசக்கணக்கா இழுத்தடிச்சியே!"

வாளியை எட்டிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் செத்து மிதந்தது அத்தனையும் பொறிவண்டுப் புழு. இலை தின்னும் வண்டு இடுகிற முட்டையைத் தேடித் தேடித் தின்கிற ஜீவன் அது. தினமும் விடியற்காலையில், குளிரில் வண்டுகள் விறைத்துக் கிடக்கும்போதே, அவள் மரத்தடியில் பழைய போர்வையை விரித்துக் கிளையை உலுக்குவாள். பொலபொலவென்று உதிரும் அந்த இலை தின்னி நீல வண்டுகளை வாளியில் கொட்டுவாள். முட்டையைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும் என்றுதான் மருந்துகூட அடிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். போன வருஷமே இலையெல்லாம் போய் வெறும் நரம்புதான் மிஞ்சியது. இந்த வருஷமும் மொட்டையானால் மரம் பட்டுப்போகும். வேர் பிடி விட்டால் கரை சரியும். கரையை ஒட்டிய சமையலறையும் கூடவே வாய்க்காலுக்குள் போகும்.

ஓர் இலையைத் திருப்பினாள். இலை தின்னும் அசல் திருட்டுப் புழுக்கள், கருப்பாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"இதையெல்லாம் ஏண்ணே விட்டே?"

"அதுங்க பாவம், இருந்த இடத்துலயே கிடக்குதுங்க. ஓடினதைத்தான் புடிச்சேன். தப்புப் பண்ணாதது எதுக்கு ஓடணும்?"

அடப்பாவி! இவனை வைத்துக்கொண்டு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"உன்கிட்டயா?" என்றான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டான்.

அந்த ஆச்சரியத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாளியைப் பிடுங்கி அவன் காலடியிலேயே கவிழ்த்தாள்.

"பெரிய மனுஷன்னு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! சமையலறை விழுந்தா உன் ரூம் மட்டும் அந்தரத்துல நிக்குமா? நேர் மேலதானே இருக்கு? நாளைக்குக் காலையில வந்து போர்வையோட ஒரு முனையைப் புடி!"

அண்ணன் முகம் செத்துவிட்டது. ஈரச் செருப்போடு மாடியேறிப் போனான்.

மறுநாள் விடியலில் அவள் தனியாகத்தான் போர்வையை விரித்தாள். முனைகளைக் கல்லால் அழுத்திவிட்டுக் கிளையில் கை வைத்தபோது மாடியில் கரகரவென்று சத்தம். அண்ணன் தன் கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.