பார்த்துட்டு வரேன்

அசன் சந்தையில் 'பார்த்துட்டு வரேன்' என்று சொல்கிற ஆள் எங்கேயும் போகப்போவதில்லை. போர்வை அவருக்குப் பிடித்துவிட்டது, விலைதான் பிடிக்கவில்லை. திரும்பி மெதுவாக நடப்பார். நாங்களும் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருப்போம். அன்னபூர்ணா கோயில் மணியை அவர் தாண்டுவதற்குள், "அட வாங்க, உங்களுக்காகச் சொல்றேன்" என்று கூப்பிட்டுவிடுவோம். கூப்பிடத் தெரியாத கடைக்காரன் கடையை மூடிவிட்டு ஜோசியம் பார்க்கப் போகலாம். இது காட்மாண்டுவில் எங்கள் தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும்.

பின்லாந்துக்குத் தெரியாது.

எங்களுடையது மெத்தை, பஞ்சுப் போர்வைக் கடை. என் தங்கை பிரஜிதா ஹோட்டல் படிப்பில் கடைசி வருஷம். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் ஆறு மாதம் பயிற்சி முடித்தால்தான் பட்டம். கல்லூரி கைகாட்டும் ஏஜென்ட் எல்லாரையும் வளைகுடாவுக்குத்தான் அனுப்புவார். அங்கே போய் வந்தவர்கள் தட்டு கழுவுவதில் நிபுணர்களாகத் திரும்பினார்கள். இவளுக்கோ பிரெட் சுடக் கற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அவல் தின்ற வீட்டில் இந்தப் பைத்தியம் எப்படி நுழைந்ததோ!

அவளாகவே ஹோட்டல்களுக்கு எழுத ஆரம்பித்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா, நான் கடின உழைப்பாளி' என்று எல்லாருக்கும் ஒரே கடிதம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம போர்வை நல்ல போர்வைன்னு நாமளே கத்தினா எவன் வாங்குவான்? தொட்டுப் பாக்கக் குடுக்கணும்ல," என்று நான் கிண்டலடித்தேன்.

முறைத்தாள். ஆனால் அடுத்த கடிதத்தில் நடந்ததை எழுதினாள். குளிரில் மாவு பொங்கவில்லை என்று பாத்திரத்தோடு கடைப் போர்வை ஒன்றில் சுற்றி வைத்தது, அதே போர்வையை ஒரு வாடிக்கையாளர் எடுத்துத் தடவிப் பார்த்து, கடைக்காரரான அப்பாவிடம், "சாஹுஜி, இது என்ன, சூடா இருக்கு, மூச்சு விடுது?" என்று அலறியது, எல்லாவற்றையும்.

பின்லாந்தின் வடக்குக் கோடியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. 'அவர் போர்வையை வாங்கினாரா?' கீழே பெயர்: ஹென்னா, மேலாளர்.

வாங்கவில்லை என்று இவள் உண்மையைச் சொன்னாள். வீடியோ பேட்டிக்கு நாள் குறித்தார்கள்.

இணையம் ஒழுங்காகக் கிடைப்பது கடையின் பின்னறையில்தான். பிரஜிதா மெத்தை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் போர்வைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். ஹென்னாவின் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. அப்படிப்பட்ட முகத்தோடு எங்கள் தெருவுக்கு யாராவது வந்தால் நாங்கள் முழு விலையைச் சொல்லவே பயப்படுவோம்.

"சமையலறைல இடம் இல்ல. அறைகள்ல இருக்கு. படுக்கை விரிக்கணும், சுத்தம் பண்ணணும். வர்றீங்களா?" என்றாள் ஹென்னா.

பிரஜிதாவின் முகம் வாடியது. பிறகு வாய் திறந்தது. பேசியது அவள் இல்லை, தெரு.

"பார்த்துட்டு வரேன்."

"நல்லது," என்றாள் ஹென்னா. திரை அணைந்தது.

"சபாஷ்!" அப்பா போர்வைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என் ரத்தம்! பாத்துக்கிட்டே இரு மைச்சா, அவளே கூப்பிடுவா. சமையலறையத் தட்டுல வெச்சுக் குடுப்பா." மைச்சா என்றால் எங்கள் வீட்டுப் பேச்சில் மகள்.

அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

"தூரம் ஜாஸ்தில்ல, அதான்," என்றார் அப்பா, ஏதோ ஹென்னா நடந்து வருவதுபோல்.

அதற்குப் பிறகு வீட்டில் சோறு இறங்கவில்லை. பிரஜிதா கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். அது அதிர்ந்தபோதெல்லாம் நாங்கள் நாலு பேரும் அதிர்ந்தோம். ஒருமுறை வந்தது கேஸ் ஏஜென்சி. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதிக் கடிதம் காட்டாவிட்டால் இந்த வருஷம் போச்சு என்று கல்லூரி சொல்லியிருந்தது. புதனன்று அவள் சுட்ட பிரெட்டை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது.

"நானே கூப்பிடுறேன்பா," என்றாள்.

"இறங்கிப் போன கடைக்கு நாமளா திரும்பிப் போனா அவ சொன்ன விலைதான். ஒரு பைசா குறையாது."

"அவ விலையே சொல்லலப்பா! வேலை சொன்னா!"

"அதுவும் என்ன வேலை? இங்க மெத்தைய தொட மாட்டேங்கிற. அங்க போய் ஊரான் மெத்தைய விரிக்கப்போறியா?"

அம்மா அவல் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் வர்றவன் போறவனுக்கெல்லாம் விரிச்சுக் காட்டுறீங்களே, அது என்ன ராஜாங்க உத்தியோகமா?"

அப்பா கடைக்குப் போய்விட்டார்.

வியாழனன்று கல்லூரியிலிருந்து அழைப்பு. துபாயில் தட்டு கழுவ ஓர் இடம் இருக்கிறதாம், பேரை எழுதிக்கொள்ளட்டுமா என்றார்கள். பிரஜிதா பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டு, நேராகப் பின்னறைக்குப் போய் ஹென்னாவை அழைத்தாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் விரல்கள் மெத்தைத் தையலைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நல்ல மெத்தை. அப்பா பிய்ந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அதே முகம் திரையில் வந்தது.

"ஹலோ பிரஜிதா. பார்த்தாச்சா?"

"என்னது?"

"பார்த்துட்டு வரேன்னு சொன்னீங்களே. அதான் காத்திட்டிருக்கேன். நேத்து இன்னொரு பொண்ணு அந்த இடத்தைக் கேட்டா. ஒருத்தங்க பார்த்துட்டு இருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் அவளுக்குப் பதில் சொல்லணும்."

அப்பா என் தொடையில் கிள்ளினார். "பாத்தியா, 'இன்னொரு பார்ட்டி கேக்குது'ங்கிறா!" என்று கிசுகிசுத்தார். "நம்ம ஆளுதான்டா!"

ஆனால் அந்த முகத்தில் வியாபாரம் இல்லை. பிரஜிதாவுக்கு அது தெரிந்துவிட்டது.

"நான் எங்கயும் போய்ப் பாக்கல மேடம். அது எங்க தெருவுல சொல்ற பேச்சு. எனக்கு சமையலறை வேணும்னு அர்த்தம். நீங்க திரும்பக் கூப்பிட்டுக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

ஹென்னா யோசித்தாள். "அப்போ சமையலறை வேணும்னே ஏன் கேக்கல?"



"இப்போ கேக்குறேன்," என்றாள் பிரஜிதா. "படுக்கை விரிக்க வரேன். வேலை முடிஞ்சதும் பிரெட் போடுற இடத்துல நிக்கலாமா?"

"முடியாது."

அப்பா என் தொடையை விட்டுவிட்டார்.

"எங்க பிரெட் விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்று தொடர்ந்தாள் ஹென்னா. "உங்க வேலைக்கு முன்னாடி வரணும். தூக்கம் கெடும். அதுக்குன்னு படுக்கை வேலைல குறை வந்தா அன்னிக்கோட நிறுத்திடுவேன். ரொட்டிக்காரர் லேசுல மாவைத் தொட விடமாட்டார், முதல்ல தரை பெருக்கச் சொல்வார். சம்மதமா?"

"சம்மதம்."

"வேற எதையாவது பார்த்துட்டு வரணுமா?"

"இல்ல மேடம்! இல்ல!"

கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. அதைக் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்தது. அதன்பின் விசாவுக்காகக் கிடந்த கிடை தனிக் கதை.

கிளம்புகிற நாள், பயணம் நல்லபடி அமைய, அம்மா சகுனம் கொடுத்தாள். நெற்றியில் தயிர், ஒரு கையில் அவித்த முட்டை, மறு கையில் கருவாடு, ஒரு வாய் அரிசிச் சாராயம். வழக்கமாகக் கருவாட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் பிரஜிதா அன்று சுளிக்கவில்லை. அப்பா வாசலில் தொங்கிய போர்வைகளை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பல மாடிகளில் இப்போது கிழவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் எல்லாரும் திரும்புவதாகச் சொல்லித்தான் போனார்கள்.

"போயிட்டு வரேன்பா."

அப்பா போர்வையை விடவில்லை. "இது எந்த வரேன் மைச்சா? நெஜ வரேனா, கடைத்தெரு வரேனா?"

"ஹென்னா நம்பினாள்ல? நீங்களும் நம்புங்க."

டாக்சி எங்கள் தெருவுக்குள் வராது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன், அவள் முன்னால் நடந்தாள். கோயில் மணிப்பக்கம் வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற இடம் வந்துவிட்டது. அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.