இடது கைத் தேய்மானம்

1951 அக்டோபரில், லெனின்கிராடில் ஒரு தொல்லியல் கூடத்தின் கிடங்கில், இருபதாயிரம் ஆண்டுகளாக எவரும் பயன்படுத்தாத கற்சுரண்டி ஒன்று மறுபடியும் தேய ஆரம்பித்தது. அதைக் கண்டுபிடித்தவள் அங்கே ஆய்வாளராக இருந்த கபிதோலினா. ஒரு கல்லின் விளிம்பை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அது மரம் சீவியதா, எலும்பு அறுத்ததா, தோல் சுரண்டியதா என்று கீறல்களைப் பார்த்தே சொல்லிவிடுவாள். கோடையில் அவள் வரைந்துவைத்த படத்தில் இல்லாத கீறல்கள் இப்போது இருந்தன. ஈரத்தோல், இடது கை, தினமும் ஒரு மணி நேர வேலை.

துறைத்தலைவர் வெனெதிக்த் ல்வோவிச்சுக்கு முகம் வெளிறிவிட்டது. அரசுச் சொத்தைக் கெடுத்தால் சைபீரியாதான். கூடத்தில் இடதுகைக்காரி கிடங்குப் பொறுப்பாளர் ஃபைனா மட்டுமே. அவள் கணவனை ஏற்கெனவே ரகசியப் போலீசார் கூட்டிப்போயிருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமைக்குள் கெடுத்தவரின் பெயர் எழுதிய அறிக்கையைக் கபிதோலினா தர வேண்டும் என்றார் தலைவர். அன்றிலிருந்து தேநீர் வேளையில் ஃபைனாவின் அருகே எவரும் உட்காரவில்லை. கபிதோலினாவும்தான். வெட்கக்கேடு, ஃபைனாவின் கைப்பையில் தோல் நாற்றம் அடிக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தாள்.

"கருவாடுதான் கபிதோலினா யெகோரொவ்னா, ஒரு துண்டு தரட்டா?" என்றாள் பின்னால் நின்றிருந்த ஃபைனா.

வெள்ளிக்கிழமை தலைவர் சுரண்டியைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அரக்கு முத்திரை இட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இனி எவ தொடுறான்னு பாக்குறேன்."

திங்கட்கிழமை எல்லார் முன்னிலையிலும் முத்திரையை உடைத்தார். கபிதோலினா சுரண்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். மூன்று நாள் வேலை கூடியிருந்தது. அறையிலிருந்த அத்தனை கண்களும் தலைவரின் கழுத்துக்குப் போயின.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்றாள் ஃபைனா, வெகு மரியாதையாக.

"ஐயோ, நான் வலதுகைக்காரன்!" தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "கல்லுல என்ன இருக்கோ அதை மட்டும் எழுதுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

கபிதோலினா எழுதினாள்: 'கருவிக்குச் சேதமில்லை. இருபதாயிரம் ஆண்டுக்கு முன் இதைச் செய்தவளே பயன்படுத்திவருகிறாள். ஈரத்தோல் வேலை முடிந்தது. இப்போது மெல்லிய மான்குட்டித் தோலைப் பதப்படுத்துகிறாள். இவ்வளவு அழுத்தாமல் சுரண்டுவது கைக்குழந்தைக்காகத்தான் இருக்க வேண்டும்.'

மேலிடம் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டது. குழந்தை எப்போது பிறக்கும் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். ஜனவரி என்று கபிதோலினா பதில் போட்டாள். ஃபைனாவை அதன்பின் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அலுவலகத்துக்கே விறகு பற்றாக்குறை. ஆனாலும் ஜனவரி முழுக்க, சுரண்டி இருந்த கிடங்கின் அடுப்பைத்தான் முதலில் மூட்டினார்கள். விறகைத் தலைவரே சுமந்து வந்தார்.