சந்தைக்குப் போற ரேட்டு

ஆட்டோவில் ஏறுமுன் லூக்காஸ் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். வியர்வையைப் பார்த்தால் யோகராஜ் ரேட்டை ஏற்றிவிடுவான். "நெஞ்சு வலின்னு மட்டும் வாயத் தொறந்துறாத" என்று மனைவி பெற்றீசியாவிடம் லயத்து வீட்டு வாசலிலேயே சொல்லியிருந்தார். அவள் கையில் இரண்டு சந்தைப் பைகள்.

பாலம் உடைந்து, பலகை போட்ட பிறகு, பன்விலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் வருவதில்லை. இன்னொரு ஆட்டோக்காரன் கண்டி டவுனுக்கே ஓட்டப் போய்விட்டான். மிஞ்சியது யோகராஜ் ஒருவன்தான். அவனை அநியாயக்காரன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சில்லறைக்கு ஏற்றுவான். கூடக் கேட்டால் அவை நடந்தே போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். வத்துகாமம் சந்தைக்கு எண்ணூறு. அதற்குமேல் கேட்டால் சனம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டு வேலை இன்டர்வியூவா, இரண்டாயிரம். அதே சந்தைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியா, நாலாயிரம். ரோடும் ஒன்றுதான், பெற்றோலும் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு அவசரம் என்று முகத்தைப் பார்த்தே கணக்குப் போடுவான், பாவி.

தோட்டம் மட்டும் லேசுப்பட்டதா? அவனிடம் அவசரத்தைக் காட்டாமல் ஏறப் பழகிக்கொண்டது. போன மாதம் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, இடுப்பு வலியோடு, சீனி வாங்கப் போவதாகச் சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். லயமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"எங்கக்கா, ரெண்டு பேருமா?"

"சந்தைக்குத் தம்பி. இவருக்கும் இன்னைக்கு வேல இல்ல."

"எண்ணூறு. ஏறுங்க."

பெற்றீசியாவுக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது. மிச்சம் பிடித்த காசில் மருந்தே வாங்கிவிடலாம்.

சந்தைக்குப் போகிற ஆட்டோ சந்தைக்குப் போகிற மாதிரித்தான் போகும் என்று அந்த மனுஷி யோசிக்கவில்லை. முதல் வளைவிலேயே ஒரு மூட்டை போஞ்சிக்காய் ஏற்ற நிறுத்தினான். கோயிலடியில் யாரோ கை காட்ட, நிறுத்திக் கிரிக்கெட் பேசினான். லூக்காஸின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. சொல்லாதே என்று அதற்கு அர்த்தம். அவருடைய மூச்சுச் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது.

"தம்பி, கொஞ்சம் வெரசா போகலாமா?"

கண்ணாடியில் அவன் கண்கள் அவளை ஏறிட்டன. "ஏங்கக்கா, ஏதும் அவசரமா?"

எவ்வளவு பிரியமாகக் கேட்டான்! சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். மணிக்கட்டில் நகம் பதிந்தது.

"அவசரம் என்னா. நல்ல மரக்கறியெல்லாம் முடிஞ்சிரும், அதான்."

"அதெல்லாம் கெடைக்கும்."

அடுத்த திருப்பத்தில் தேத்தண்ணிக் கடையோரம் ஓரங்கட்டினான். "ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வந்துர்றேன். அண்ணன் தூங்குறாரு போல. தூங்கட்டும்."

பெற்றீசியா கணவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. குனிந்து தன் கையைத்தான் பார்த்தாள். பிடி விட்டிருந்தது. அவர் விரல்கள் அவள் மடியில் விரிந்து கிடந்தன.

"ஆஸ்பத்திரிக்குப் போப்பா," என்றாள் கடைப் பக்கம் பார்த்து. தன் குரலே அவளுக்கு யாருடையதோ போலக் கேட்டது. "எவ்வளவு வேணும்னாலும் கேளு. தர்றேன்."

கோப்பையோடு திரும்பி வந்த யோகராஜ், குனிந்து லூக்காஸின் முகத்தைப் பார்த்தான். ரேட்டு எதுவும் சொல்லவில்லை.