முடிவுகளில் மாற்றமில்லை

அந்தக் கண் ஆராய்ச்சித் துறையில் தலைவரை எல்லோரும் முதலாமவர் என்றுதான் சொல்வார்கள். யார் மாடாக உழைத்து எழுதிய கட்டுரையானாலும் அதில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவருக்கு அடுத்த இடத்தில் எப்போதும் வருகிறவளுக்கு இரண்டாமவள் என்று பெயர். அதை மட்டும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஒப்பந்த வேலைக்காரியிடம் யாருக்கு என்ன பயம்?

ஏழு வருடத்தில் பதினொரு கட்டுரைகள். பதினொன்றையும் எழுதியது அவள். ஒவ்வொன்றோடும் ஒரு படிவம் போக வேண்டும்: திட்டமிட்டது யார், தரவு சேகரித்தது யார், எழுதியது யார் என்று. வழிகாட்டினார் என்று மட்டும் போட்டால் பதவி உயர்வுக் குழுவில் மதிக்கமாட்டார்கள், தரவு சேகரிப்பிலும் தன் பெயரையே போட்டுவிடு என்று முதல் கட்டுரையின்போதே முதலாமவர் சொல்லிவிட்டார். பிறகு அவர் சொல்லவே தேவைப்படவில்லை. கையெழுத்துப் போடும்போது ஆரம்பத்தில் உறுத்தியது, அப்புறம் பழகிவிட்டது. நிரந்தர வேலைக்கான நேர்காணல் வரப்போகிறது, தேர்வுக் குழுவின் தலைவரும் அவர்தான். அவள் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த ஒரு நாளுக்காக.

பதினோராவது கட்டுரை பள்ளிக் குழந்தைகளின் பார்வையைப் பற்றியது. எழுத்து அட்டையை ஆறு மீட்டர் தூரத்தில் மாட்டி, ஒரு கண்ணைப் பொத்தி வாசிக்கச் சொல்லி, எந்த வரிவரை வாசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பள்ளிகளில் நடந்தது. கட்டுரையை அனுப்பிய ஆய்விதழின் ஆசிரியர் முதலாமவருக்குச் சம்பந்தி. இவர் மகளைத்தான் அவர் மகனுக்குக் கொடுத்திருந்தது. இதழோடு உறவு ஏதும் உண்டா என்று படிவம் கேட்ட இடத்தில் "இல்லை" என்று தட்டியதும் இரண்டாமவளின் கைதான். அந்தக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக் கழுவிய அதே கை.

கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர். அவர்கள் யாரென்று தெரியக் கூடாது என்பது விதி. ஒருவர் தன் பழைய மாணவன் என்று முதலாமவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த மாணவர் கட்டுரையைத் திறந்தாரோ இல்லையோ, "அருமை, வெளியிடலாம்" என்று எழுதிவிட்டார். இன்னொருவர் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தினார். மூன்றாமவர் யாரோ, வேலை தெரிந்த ஆள். இரண்டாவது பள்ளியில் சோதனை மூன்று நாள் நடந்திருக்கிறதே, மூன்று நாளும் தூரத்தை அளந்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

அளக்கவில்லை. முதல் நாள் அளந்து, குழந்தைகள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியதோடு சரி. அந்தக் கோடு எங்கே ஓடிவிடப் போகிறது? "எல்லா நாட்களிலும் ஆறு மீட்டர் உறுதி செய்யப்பட்டது" என்று பதில் அனுப்பினாள். இதழாசிரியரும் சம்பந்தி வீட்டுக் கட்டுரையை அதற்குமேல் குடையவில்லை. அச்சாகிவிட்டது.

அவள் இருந்தது அக்கா வீட்டில். அக்கா மகள் நான்காம் வகுப்பு, அதே இரண்டாவது பள்ளியில். சோதனைக்கு வந்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி. இரண்டு கண்ணும் இயல்பு என்று குறித்தது சித்தியேதான். பள்ளியிலிருந்து மட்டும் புகார் ஓயவில்லை. போர்டில் இருப்பதை எழுதுவதில்லை, கேட்டால் முழிக்கிறாள், படிப்பில் கவனமே இல்லை என்றார்கள். கண்ணைக் காட்டிப் பார்க்கலாமா என்று அத்தான் ஒருதரம் கேட்டார். அக்கா தங்கையைக் கைகாட்டினாள். "இவளே பாத்துச் சொல்லியிருக்கா, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு. எல்லாம் கொழுப்பு." அன்றிலிருந்து சாயங்காலமானால் நோட்டை விரிப்பதும் முதுகில் அடி விழுவதும் வழக்கமாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருந்த இடத்திலிருந்தே காலண்டரைப் பார்த்து என்ன தேதி என்று சொல் என்றாள் சித்தி. குழந்தை எழுந்தது, கூடத்தைக் கடந்து போனது, கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே நின்று வாசித்தது. 

மறுநாள் அளவு நாடாவோடு பள்ளிக்குப் போனாள். சோதனை நடந்த நூலக அறையில் கோடு அப்படியே இருந்தது. கோட்டுக்கும் சுவருக்கும் சரியாக ஆறு மீட்டர். அப்படியானால் எங்கே தப்பு? பெருக்க வந்த ஆயா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ரெண்டாம் நாள் பக்கத்து ரூமுக்கு பெயிண்ட் அடிச்சாங்க இல்ல? அங்க இருந்த பீரோவை எல்லாம் இந்தச் சுவரு முன்னாடி ரெண்டு வரிசையா வச்சிருந்தாங்களே. உங்க அட்டை பீரோ கதவுலதான தொங்குச்சு?"

சொன்ன பிறகு அவளுக்கும் அந்தப் பச்சைக் கதவு நினைவுக்கு வந்தது. அட்டையை மாட்டியது பியூன். மேஜையில் உட்கார்ந்து குறித்தது அவள். எல்லோரும் குழந்தைகளின் கால் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, அட்டை எங்கே தொங்குகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசி இரண்டு நாளும் நாலரை மீட்டரில் வாசித்த குழந்தைகள், அக்கா மகளையும் சேர்த்து, அறுபத்தொரு பேர். அத்தனை பேருக்கும் இருப்பதைவிட நல்ல பார்வையைப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அவள் போய்ச் சொன்னபோது முதலாமவர் முதலில் பதறவில்லை. இதழுக்கு ஒரு திருத்தம் எழுதிவிடலாம், சின்ன விஷயம் என்றார். பிறகுதான் படிவம் ஞாபகம் வந்தது. தரவு சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. முகம் சுண்டிவிட்டது.

"படிவத்துல என் பேரு தவறுதலா வந்துடுச்சுன்னு எழுதிக் குடும்மா," என்றார். "தரவு எடுத்தது நீதான? உண்மையைத்தான எழுதச் சொல்றேன்."

ஏழு வருடத்தில் அவர் அவளிடம் உண்மையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் எழுதினால் போதும் என்றும், நேர்காணலைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

ஒன்றும் எழுதாமல் இருந்தால் பழி முழுக்க அவர் தலையில் விழும். அந்த ஆசை அவளுக்கு வராமல் இல்லை, வந்தது, ஒரு மணி நேரம் இனிக்க இனிக்க இருந்தது. ஆனால் அளக்காமல் அளந்தேன் என்றது அவள். அந்த மூன்றாமவர், முகம் தெரியாத மனிதர், கையைப் பிடித்து நிறுத்தியும் நிற்காமல் போனது அவள். அக்கா மகளின் முதுகு வேறு கண்முன்னால் வந்தது. உட்கார்ந்து இதழாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினாள். பிழை என்னுடையது, மதிப்பீட்டாளருக்குச் சொன்னது பொய், பதினொரு கட்டுரைக்கும் தரவு எடுத்தது நானே, பதினொரு படிவமும் பொய், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன், நீங்கள் அவருக்குச் சம்பந்தி என்பதையும் மறைத்தேன். அறுபத்தொரு குழந்தைகளின் வரிசை எண்களையும் சேர்த்து, பள்ளிக்குத் தெரிவித்து மறுசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டு அனுப்பினாள்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி வந்தது. "மேற்படி கட்டுரையின் அளவீட்டில் இரண்டாம் கட்டுரையாளரின் கவனக்குறைவால் சிறு பிழை நேர்ந்துள்ளது. முதல் கட்டுரையாளருக்கு இதில் பங்கில்லை. கட்டுரையின் முடிவுகளில் மாற்றமில்லை." மற்ற பத்துக் கட்டுரைகளையும் காணோம், சம்பந்தியையும் காணோம், குழந்தைகளையும் காணோம். திறமையான ஆசிரியர்தான், அவள் எழுதிய நாலு பக்கத்தை மூன்று வரிக்குள் அடக்கத் தெரிந்திருக்கிறதே.

நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லை. ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசல்வரை கூட வந்தது பியூன் மட்டும். "அட்டையை மாட்டினது நான்தானே மேடம்," என்று கையைப் பிசைந்தார். "உங்க பேரு எதுலயும் வராதுண்ணே, பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அக்கா மகளுக்குக் கண்ணாடி போட்டார்கள். கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்த குழந்தை, திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டது.

"அப்ப நான் மக்கு இல்லையா, சித்தி?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாமவள் இல்லை என்று தலையாட்டினாள். 

மீதி அறுபது பேர் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் துறையின் அலமாரியில்; அவளிடம் இருந்தது வெறும் எண்கள். எழுத்து அட்டையை எடுத்துக்கொண்டு, நானே மறுபடி சோதித்துத் தருகிறேன் என்று தலைமையாசிரியையிடம் போனாள். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். துறையிலிருந்து வந்திருந்த அந்த மூன்று வரியின் நகலை மேஜையிலிருந்து எடுத்துக் காட்டினார். "முடிவுகள்ல மாற்றமில்லைன்னு அவங்களே போட்டுட்டாங்களே. நீங்க இப்ப எந்த நிறுவனத்துலேர்ந்து வர்றீங்க?" என்றார். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வெளியே வரும் வழியில் ஒரு வகுப்பில் யாரையோ கவனி, கவனி என்று அதட்டும் குரல் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அக்கா மகளின் கண்ணாடியைத் துடைக்கக் கையில் எடுத்தாள். வில்லை முழுக்க விரல் ரேகை, ஒரு பக்கத்துக் காதுக்கம்பி வேறு வளைந்திருந்தது. ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

"எங்க பெஞ்சுல நாலு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கறோம் சித்தி. முதல்ல நான் எழுதிடுவேன், அப்புறம் அவங்க. இதைப் போட்டா அவங்களுக்கும் போர்டு தெரியுது."

ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் போடக் கூடாது. அந்தத் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து பெற்றோர்களுக்கு அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பாடம் அது. வளைந்த கம்பியை நிமிர்த்தினாள். வில்லையை இரண்டு தரம் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"மாத்தும்போது கீழ போட்டுடாதீங்க," என்றாள்.